பூக்களின் பள்ளத்தாக்கு ட்ரெக்: 15,000 ரூபாய் பேக்கேஜுக்கு ஏன் 55,000 ரூபாய் எடுத்து வைக்கணும்?

ஜூலை மாசம் நெருங்க நெருங்க இன்ஸ்டாகிராமைத் திறந்தாலே உத்தராகண்டில் இருக்கிற ‘வேலி ஆஃப் ஃப்ளவர்ஸ்’ ட்ரெக் விளம்பரம்தான். "முதல் தடவை போறவங்களுக்கு ஏற்றது, கைடு உண்டு, ஆறு நாள்" என்று போட்டு, கீழே ஒரு விலை இருக்கும். அந்த விலை உங்க பட்ஜெட் இல்லை. அதில் ஒரு பகுதிதான். மீதி என்ன என்பதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

முதல்ல ட்ரெக்கைப் பத்தி சுருக்கமா. ரிஷிகேஷிலிருந்து கோவிந்த்காட் சுமார் 270 கிமீ. மலைப்பாதை என்பதால் ஒரு முழு நாள் வண்டியிலேயே போயிடும். அங்கிருந்து புல்னா வரை ஜீப், பிறகு கங்காரியா கிராமத்துக்கு 10 கிமீ அளவு நடை. கங்காரியா சுமார் 3,050 மீட்டர் உயரம். பள்ளத்தாக்குக்குள் கூடாரம் போட்டுத் தங்க அனுமதி இல்லை. காலையில் போய், பார்த்துட்டு, சாயங்காலத்துக்குள் கங்காரியா திரும்பிடணும். மறுநாள் பெரும்பாலான குழுக்கள் 4,300 மீட்டருக்கு மேல் இருக்கிற ஹேம்குண்ட் சாஹிப் ஏறுவாங்க. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம் இது, அழகைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனா பணக்கணக்குக்கு முக்கியமான விஷயம் ஒண்ணு உண்டு. பூக்கள் நல்லாப் பூக்கிறது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. அங்கே நல்ல மழைக்காலமும் அதேதான். மண்சரிவில் ரோடு அடைபட்டு, ஒரு நாள், சில சமயம் அதுக்கும் மேல வண்டிகள் நிற்கிறது இந்த வழியில் புதுசு இல்லை.

இப்போ கணக்கு. இது உதாரணம்தான், நீங்க புக் பண்ணும்போது இருக்கிற விலையைப் போட்டுக்கோங்க. பேக்கேஜ் 15,000 என்று வச்சுக்கோங்க. அதுக்கு மேல 5% ஜிஎஸ்டி, ஆக 15,750. சென்னை-டேராடூன் விமானம் போக வர 16,000. ரிஷிகேஷில் முன்னும் பின்னும் தங்க 3,000. ஷூ 4,000. மழைக்கோட்டு, வாடகைக்கு எடுக்கிற பை, ஊன்றுகோல் எல்லாம் சேர்த்து 3,000. சுமை தூக்க ஆளோ கோவேறு கழுதையோ, வழியில் டீ, மேகி, 3,000. பயணக் காப்பீடு 500. கூட்டினா 45,250. இதுக்கு மேல நான் 10,000 ரூபாய் தனியா வைக்கச் சொல்வேன். மொத்தம் 55,250.

அந்த 10,000 எதுக்கு? திரும்பி வர்றதுக்கு.

சிஏ படிக்கும்போது ‘சங்க் காஸ்ட்’ என்று ஒரு பாடம் வரும். ஏற்கனவே கட்டியாச்சு, இனி திரும்ப வராது, அதனால் அடுத்த முடிவில் அதைச் சேர்க்கக் கூடாது. ஆபீஸ் கேபினில் உட்கார்ந்து படிக்கிறப்போ ரொம்ப சுலபம். ஹேம்குண்ட் ஏறும்போது தலைவலி, வாந்தி என்று உயர நோய் ஆரம்பிச்சா, "இவ்வளவு செலவு பண்ணிட்டேன், இன்னும் 2 கிமீதான்" என்று மனசு சொல்லும். அந்த நேரத்தில் அறிகுறிகள் கூடினா மேல போகாம கீழே இறங்குறதுதான் வைத்தியம். மட்டக் குதிரைக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லை, திங்கள்கிழமை காலை லாகின் பண்ணியே ஆகணும், ரிட்டர்ன் டிக்கெட் மாத்த வழி இல்லை என்ற நிலையில் இருக்கிறவர்தான் தப்பான முடிவு எடுப்பார். பையில் இடைவெளி இருந்தா காலும் நிதானமா இறங்கும்.

அதே மாதிரி லீவிலும் இடைவெளி வேணும். சனிக்கிழமை சென்னையிலிருந்து கிளம்பி, ஞாயிறு முதல் வெள்ளி வரை ட்ரெக், வெள்ளி இரவு ரிஷிகேஷ். ரிட்டர்ன் விமானத்தை சனிக்கிழமை போடாதீங்க, ஞாயிறு போடுங்க. 5 நாள் லீவில் ஒரு பஃபர் நாள் கிடைச்சிடும். ரோடு திறந்திருந்தா சனிக்கிழமை கங்கைக் கரையில் உட்காருங்க, நஷ்டமில்லை!

பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேன்சலேஷன் விதியை எழுத்தில் வாங்குங்க. நீங்க கேன்சல் பண்ணா என்ன, அவங்க பண்ணா என்ன, அரசு பாதையை மூடினா என்ன, மூணும் தனித்தனி. பல இடத்தில் பணம் திரும்ப வராது, வவுச்சர்தான் வரும். அதுக்குக் காலாவதி தேதி எப்போ என்று கேளுங்க. 2013 ஜூன் வெள்ளத்தில் இந்தப் பாதையே சேதமாச்சு, அதனால் "அதெல்லாம் நடக்காது சார்" என்ற பதிலை ஏத்துக்காதீங்க. பில்லில் இருக்கிற ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி போர்ட்டலில் போட்டுப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை.

காப்பீட்டில் ஒரு குழப்பம் இருக்கு. "சாகச விளையாட்டுக்கு ஹெல்த் பாலிசி கிடைக்காது" என்று பொத்தாம் பொதுவா சொல்றாங்க. ஐஆர்டிஏஐ வகுத்த பொது விலக்கு வாசகம், தொழில்முறையா சாகச விளையாட்டில் ஈடுபடுறவங்களைப் பத்தித்தான் பேசுது. நம்மள மாதிரி லீவு போட்டுப் போறவங்களை அந்த வரி தானாகவே வெளியே தள்ளாது. ஆனாலும் உங்க பாலிசி வாசகத்தை ஒருமுறை படிச்சிடுங்க. மலையிலிருந்து ஆஸ்பத்திரி வரை இறக்கிக் கொண்டுவர ஆகிற செலவுதான் உண்மையான ஓட்டை. ஆம்புலன்ஸுக்கு இருக்கிற சின்ன வரம்பு அதுக்குப் போதாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது நீங்க ஏறுற உயரமும், மீட்புச் செலவும் அதில் அடங்குதா என்று பார்த்து எடுங்க.

இஎம்ஐ-யில் போகலாமா? வேண்டாம். நவம்பரில் ஆரம்பிச்சு மாசம் 7,000 ஆர்டி போட்டா ஜூனுக்குள் 8 மாசத்தில் 56,000. விமான டிக்கெட்டை முன்னாடியே எடுக்கணும்னா அந்தப் பகுதியை மட்டும் ஆர்டி-க்குப் பதிலா சேமிப்புக் கணக்கில் வச்சுக்கோங்க.

கடைசியா எல்டிஏ. பழைய வரி முறையில் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் விலக்கு. புது முறையில் கிடையாது. விலக்கு பயணக் கட்டணத்துக்குத்தான், அதுவும் குறுகிய வழிக் கணக்கில். தங்கும் செலவு, கைடு கட்டணம், ஷூ எதுவும் சேராது. நாலு வருஷ பிளாக்கில் ரெண்டு பயணம். 2022-2025 பிளாக்கில் விட்டுப்போச்சுன்னா ஒரு பயணத்தை 2026-ல் எடுத்துக்கலாம். இதுக்காக மட்டும் பழைய முறைக்கு மாறாதீங்க, ரெண்டு முறையிலும் மொத்த வரியைப் போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ஏற்கனவே பழைய முறையில் இருந்தா, போர்டிங் பாஸை பத்திரமா வைங்க. ரிஷிகேஷ்-கோவிந்த்காட் வண்டி பேக்கேஜுக்குள்ள இருந்தா, அந்தத் தொகையைத் தனி வரியா காட்டி பில் கேளுங்க. அதை ட்ரெக் முடிஞ்ச பிறகு கேட்டா வாங்குறது கஷ்டம், புக் பண்ணும்போதே கேட்டிருங்க.