பனி உருகிய பிறகு கிரிண்டெல்வால்ட்: குடும்பத்தோடு ஒரு கோடை வாரம்

சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், ஐகர் சிகரத்தின் காலடியில் இருக்கிறது கிரிண்டெல்வால்ட். மலைக்கு அந்தப் பக்கம் வெங்கென். இரண்டுமே பனிச்சறுக்குக்குப் பேர்போன ஊர்கள். வெங்கெனின் லாபர்ஹார்ன் பந்தயம் 1930-இல் தொடங்கியது. சறுக்க வருபவர்களை மேலே ஏற்றிவிடும் கேபிள் கார்களும் பல்சக்கர ரயில்களும் கோடையிலும் ஓடுகின்றன. அதனால்தான் எழுபது வயது அம்மாவும் ஏழு வயதுப் பேரனும் மூச்சு வாங்காமல் 2,000 மீட்டர் உயரத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து சேர்ந்தே நடக்க முடிகிறது.

ஏழு நாளில் ஏழு ஊர் என்று பெட்டி தூக்கி அலையும் பயணத் திட்டங்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரே ஊரில் ஒரு வாரம் தங்குங்கள். ஏற்றத்தை இயந்திரத்திடம் விட்டுவிட்டு, மேலே போய் நடங்கள்.

மே மாதத்தை மறந்துவிடுங்கள்

நமக்குக் கோடை விடுமுறை என்றால் ஏப்ரல், மே. ஆல்ப்ஸில் அது இரண்டு பருவங்களுக்கு நடுவில் விழும் காலம். சறுக்கும் பருவம் முடிந்திருக்கும், நடைபாதைகளில் பனி இன்னும் உருகியிருக்காது, பல லிஃப்டுகள் பராமரிப்புக்காக நின்றிருக்கும். ஜூன் பாதிக்கு மேல்தான் பாதைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். உயரமான சிலவற்றில் ஜூலைத் தொடக்கம் வரை பனித்திட்டு கிடக்கும். ஐரோப்பாவில் வாழும் குடும்பங்களுக்குப் பள்ளி விடுமுறையே ஜூலை, ஆகஸ்ட் என்பதால் சிக்கலில்லை. ஊரிலிருந்து வருபவர்கள் மே மாதத்தில்தான் வர முடியுமென்றால், இங்கே எழுதியிருக்கும் நடைகளை எதிர்பார்க்காமல் பள்ளத்தாக்கு அளவில் திட்டமிடுவது நல்லது. கூட்டம் குறைந்து, வானமும் பெரும்பாலும் தெளிந்திருக்கும் செப்டம்பர்தான் என் முதல் தேர்வு. பள்ளிப் பிள்ளைகள் இல்லாத நண்பர் குழுவுக்கு அதைவிடப் பொருத்தமான மாதம் இல்லை.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதை வாங்கும்போதே மலை மீட்பும் ஹெலிகாப்டர் செலவும் அதில் அடங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

எந்த ஊரில் தங்குவது

கிரிண்டெல்வால்டுக்குக் காரிலும் வரலாம், ரயிலிலும் வரலாம். கடைகள் நிறைய. இளவட்டங்கள் கேட்கும் சாகச விளையாட்டுகளும் இங்கேதான். வெங்கெனுக்குள் வெளியூர்க் கார் நுழைய முடியாது. பள்ளத்தாக்கில் இருக்கும் லாட்டர்புருன்னனில் நிறுத்திவிட்டு ரயிலேற வேண்டும். தெருவில் பிள்ளைகளைக் கையைப் பிடிக்காமல் விடலாம் என்பது அங்கே பெரிய நிம்மதி. சின்னப் பிள்ளைகள் இருந்தால் வெங்கென், பதின்ம வயதினர் இருந்தால் கிரிண்டெல்வால்ட் என்பது என் கணக்கு.

இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் சமையலறையோடு கூடிய வீடு எடுங்கள். இவை பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரைதான் கிடைக்கும். தங்குமிடத்தில் தரும் விருந்தினர் அட்டையைக் கேட்டு வாங்கி, எதற்கெல்லாம் சலுகை உண்டு என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

இன்டர்லாகன் ஓஸ்ட்டில் ரயிலேறும்போது கவனம் தேவை. அந்த ரயில் ஸ்வைலூட்ஷினன் நிலையத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி கிரிண்டெல்வால்டுக்கும் மறு பாதி லாட்டர்புருன்னனுக்கும் போகும். ஏறும் பெட்டியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்து, குழு முழுவதும் ஒரே பாதியில் ஏறுங்கள்.

டிக்கெட் கணக்கு

செலவில் பாதி இங்கேதான். ஸ்விஸ் டிராவல் பாஸ் இருந்தால் எல்லாம் இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். அது கிரிண்டெல்வால்ட், வெங்கென் வரைக்கும்தான். அதற்கு மேலே தள்ளுபடி மட்டுமே கிடைக்கும். ஒரே வட்டாரத்தில் தங்கி நாள்தோறும் மேலே போகப் போகிறீர்கள் என்றால், 3 முதல் 8 நாள் வரை கிடைக்கும் யுங்ஃப்ராவ் டிராவல் பாஸ் கட்டுப்படியாகும். அதிலும் ஐகர்கிளெட்ஷர் நிலையத்துக்கு மேல், யுங்ஃப்ராவ்யோக் வரையிலான கடைசித் துண்டுக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஆறு வயது நிறையாத பிள்ளைகளுக்கு ரயிலில் டிக்கெட் வேண்டாம்.

குழுவைப் பிரித்து, ஓரிடத்தில் சேருங்கள்

குடும்பப் பயணங்களில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் நடை வேகத்தால்தான். எல்லோரும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், வேகமாக நடப்பவருக்குச் சலிப்பு, மெதுவாக நடப்பவருக்குக் குற்ற உணர்வு. லிஃப்டுகள் இருக்கும் ஊரில் இதற்கு அவசியமே இல்லை. ஒவ்வொரு நாளும் சாப்பிடச் சேரும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அங்கே யார் எப்படி வந்து சேர்வது என்பதைப் பிறகு பேசலாம்.

இதோ ஒரு நாள். கிரிண்டெல்வால்ட் டெர்மினலிலிருந்து, 2020 டிசம்பரில் திறந்த ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் காரில் எல்லோரும் ஏறுகிறீர்கள். 15 நிமிடத்தில் 2,320 மீட்டர் உயரத்தில் ஐகர்கிளெட்ஷர். நடையில் தேறியவர்கள் அங்கிருந்து ஐகர் டிரெயிலில் இறங்குவார்கள். ஏறக்குறைய 1,800 மீட்டர் நிமிர்ந்து நிற்கும் ஐகரின் வடக்கு முகத்தை ஒட்டியே போகும் பாதை அது. 1938-இல் நான்கு பேர் முதன்முறையாக ஏறி முடித்த சுவர் தலைக்கு மேல் நிற்க, ஆறு கிலோமீட்டர் நடந்து ஆல்பிக்லென் நிலையத்துக்கு வந்துவிடலாம். மற்றவர்கள் ரயிலில் கிளைனே ஷைடெக் வந்து, காபி குடித்துவிட்டு, ரயில் மாறி அதே ஆல்பிக்லெனில் இறங்கலாம். அங்கே மலை உணவகம் இருக்கிறது. முதலில் வருபவர் மேசை பிடிக்கட்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். மலையில் மூட்டைச் சோதிப்பது இறக்கம். நடந்து ஏறாவிட்டாலும் நடந்தாவது இறங்குவோம் என்று முடிவு செய்யும் பெரியவர்கள் மறுநாள் படிக்கட்டில் கால் வைக்க முடியாமல் தவிப்பார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு, ஒரு லிஃப்டில் ஏறி, மட்டமாக நடந்து, இன்னொரு வண்டியில் இறங்கும் பாதையே ஏற்றது.

அந்த வகையில் மென்லிஷெனிலிருந்து கிளைனே ஷைடெக் வரையான பாதைக்கு ஈடு கிடையாது. நாலரை கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், அகலமான சரளைப் பாதை, மெல்லிய சரிவு. ஐகர், மொன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்றும் எதிரிலேயே நிற்கும். கட்டாயம் மென்லிஷென் பக்கமிருந்தே தொடங்குங்கள், எதிர்த்திசையில் போனால் அது ஏற்றமாகிவிடும். புறப்படும் இடத்தில் பிள்ளைகளுக்குப் பெரிய மரப்பசு வைத்த விளையாட்டுத் திடல் உண்டு. அதைத் தாண்டி அவர்களை அழைத்துப்போக அரை மணியாவது ஆகும் என்று சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இன்னொரு நாளை ஃபீர்ஸ்ட் மலைக்கு ஒதுக்குங்கள். கம்பியில் தொங்கிப் பறக்கும் ஃபீர்ஸ்ட் ஃபிளையருக்கு நண்பகலில் நீண்ட வரிசை நிற்கும், ஆகவே முதல் வண்டியில் போய்விட வேண்டும். 35 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளை அதில் ஏற்றமாட்டார்கள். மற்ற விளையாட்டுகளுக்கும் உயர வரம்பு உண்டு. பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வரிசையின் முனையில் போய்த் திரும்பி வரும் குழந்தையைச் சமாதானப்படுத்துவது கடினம். விளையாட்டில் ஆர்வமில்லாதவர்கள் மூன்று கிலோமீட்டர் நடந்து பாகால்ப்சே ஏரிக்குப் போகலாம். காலையில் காற்று எழும்புவதற்கு முன் போனால் ஷ்ரெக்ஹார்ன் சிகரம் நீரில் முழுதாகத் தெரியும்.

மஞ்சள் பலகையைப் படிப்பது எப்படி

பாதை பிரியும் இடங்களில் மஞ்சள் பலகை இருக்கும். அதன் நடுவே சிறிய வெள்ளைப் பட்டையில் நீங்கள் நிற்கும் இடத்தின் பெயரும் உயரமும். அம்பு முனை முழுவதும் மஞ்சளாக இருந்தால் யாரும் நடக்கக்கூடிய பாதை. முனையில் வெள்ளை, சிவப்பு, வெள்ளைக் கோடு இருந்தால் மலைப்பாதை: நல்ல பிடிப்புள்ள ஷூவும் தடுமாறாத காலும் வேண்டும். ஐகர் டிரெயில் இந்த வகை. வெள்ளை, நீலம், வெள்ளை என்றால் திரும்பிவிடுங்கள், அது மலையேற்றக்காரர்களுக்கானது.

பலகையில் எழுதியிருக்கும் நேரம் சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் நடப்பவரை வைத்துப் போட்டது. ஓய்வு நேரம் அதில் இல்லை. பிள்ளைகளும் போட்டோ எடுப்பவர்களும் உள்ள குழு அதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளட்டும். அந்த நேரத்தை, கடைசி லிஃப்ட் புறப்படும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிலையத்தில் ஏறும்போதே அந்த நேரப் பலகையை போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; கடைசி லிஃப்டைத் தவறவிட்டால் ஆயிரம் மீட்டர் நடந்துதான் இறங்க வேண்டும்.

வானிலையும் மாடுகளும்

ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடி மழை வழக்கம். காலை எட்டரைக்குள் ஏறி, இரண்டு மணிக்குள் திறந்தவெளியிலிருந்து கீழே வந்துவிடுங்கள். இடி கேட்டால் முகட்டையும் தனி மரத்தையும் இரும்புக் கம்பியையும் விட்டு விலகுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிரும், வெயிலோ இன்னும் கடுமையாகச் சுடும். ஆகவே பையில் மழை ஜாக்கெட், ஸ்வெட்டர், சன்ஸ்கிரீன் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பாதையிலேயே மாடுகள் மேயும். கன்றோடு நிற்கும் பசுவை நெருங்கிப் படம் எடுக்க வேண்டாம், கன்றைத் தடவவே கூடாது. சுற்றிக்கொண்டு போங்கள். உயர்ந்து நிற்கும் புல்வெளிக்குள் இறங்கிப் பாய் விரிக்காதீர்கள். அறுத்து உலர்த்தினால் அதுதான் அந்த மாடுகளுக்குக் குளிர்காலத் தீவனம். விபத்து என்றால் 112. சுவிட்சர்லாந்தின் மீட்பு ஹெலிகாப்டர் சேவையான ரேகாவுக்கு 1414.

மழை நாளுக்கு ட்ரும்மெல்பாக்கை வைத்துக்கொள்ளுங்கள். லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில், மலைக்கு உள்ளேயே விழும் பத்து அருவிகள். மூன்று சிகரங்களின் பனியாற்று நீரும் பாறையைக் குடைந்து இறங்கும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை, அவர்களோடு ஒருவர் கீழே தங்க வேண்டியிருக்கும்.

3,454 மீட்டர் உயரத்தில் உள்ள யுங்ஃப்ராவ்யோக்குக்குப் போவதாக இருந்தால் வாரத்தின் பிற்பாதியில் வைத்து, அன்று காலை நேரலைக் கேமராவில் வானம் தெளிந்திருப்பதைப் பார்த்த பிறகே டிக்கெட் எடுங்கள். காற்று அங்கே கடல்மட்டத்தைவிட மூன்றில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே வர வேண்டும். கைக்குழந்தையோடு போவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

சாப்பாடு

மலை உணவகங்களில் சைவம் என்றால் பெரும்பாலும் உருளைக்கிழங்கு ரோஸ்டி, இல்லாவிட்டால் பாலாடைக்கட்டி மக்ரோனி. இரண்டிலும் பன்றி இறைச்சித் துண்டு சேர்ப்பதுண்டு, கேட்டு வாங்குங்கள். புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டு போவது செலவுக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது. பல பாதைகளில் கல் அடுப்பு கட்டிய பொது இடங்கள் உண்டு, சிலவற்றில் விறகுகூட அடுக்கியிருக்கும். வறட்சியால் தீமூட்டத் தடை அறிவித்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு சோளம் சுடலாம். ஊர்க் குழாய்களில் வரும் ஊற்றுநீரைத் தயங்காமல் குடிக்கலாம். குடிநீர் இல்லை என்றால் பலகையே வைத்திருப்பார்கள்.

கடைசி நாள்

வீட்டைக் காலையிலேயே காலி செய்யச் சொல்வார்கள், ரயிலோ விமானமோ மாலையில் இருக்கும். பெட்டிகளை இன்டர்லாகன் ஓஸ்ட் லாக்கரில் போட்டுவிட்டு வில்டர்ஸ்வில் நிலையத்துக்கு வாருங்கள். அங்கிருந்து ஷீனிகே பிளாட்டேவுக்கு 1893 முதல் பல்சக்கர ரயில் ஏறுகிறது. நம் ஊட்டி ரயிலும் இப்படிப் பற்களைக் கடித்து ஏறுவதுதான். ஊட்டி ரயிலின் பழைய எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் ஆலையில் செய்யப்பட்டவை. ஷீனிகே பிளாட்டே போய்ச் சேர முக்கால் மணிக்கு மேல் ஆகும். நிலையத்தை ஒட்டியே ஆல்ப்ஸ் மலைப்பூக்களின் தோட்டம். எடல்வைஸ் பூவைத் தேடி அலையாமல் பெயர்ப்பலகையோடு பார்த்துவிடலாம். இறங்கும் ரயிலுக்கும் வரிசை உண்டு, அதனால் நீங்கள் பிடிக்க வேண்டிய வண்டிக்கு முந்தின வண்டியையே குறி வையுங்கள்.