அலுவலகக் காலண்டரில் வீட்டு விஷயம் தெரியலாமா?



வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலருடைய கைப்பேசியில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று சொந்த ஜிமெயில். மற்றது அலுவலகம் கொடுத்தது. காலண்டரைத் திறந்தால் இரண்டும் ஒரே திரையில் தெரியும். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டமும் அலுவலகக் கூட்டமும் மோதாமல் பார்த்துக்கொள்ள இது வசதிதான். ஆனால் எந்தக் கணக்கில் எழுதுகிறோம் என்பது அவசரத்தில் மறந்துவிடும்.

ஒரு சகோதரி, ‘குழந்தைப்பேறு சிகிச்சை, காலை 10 மணி’ என்று குறித்துக்கொள்கிறார் என வைத்துக்கொள்வோம். அது அலுவலகக் கணக்கில் பதிந்துவிட்டால், கூட்டத்துக்கு நேரம் தேடும் சக ஊழியர் கண்ணில் படலாம். மகளைப் பெண் பார்க்க வரும் நாள், கணவன் மனைவி பிணக்குக்கான ஆலோசனை, வேறு வேலைக்கான நேர்காணல் ஆகியவையும் அப்படித்தான். இவை குடும்பத்தின் அமானிதம். பின்வருவனவற்றைக் கவனித்துக்கொள்வது நல்லது.

1. கணக்கைப் பாருங்கள். கூகுள் காலண்டரில் புதிய குறிப்பு எழுதும்போது அது சேரும் கணக்கின் முகவரியும் தெரியும். வீட்டு விஷயமானால் அதைத் தொட்டுச் சொந்தக் கணக்குக்கு மாற்றிய பிறகே சேமியுங்கள்.

2. ‘பிரைவேட்’ முழுப் பூட்டு ஆகாது. ஒரு குறிப்பின் ‘விசிபிலிட்டி’யை ‘பிரைவேட்’ என்று மாற்றினால், உங்கள் காலண்டரைப் பார்க்க மட்டும் அனுமதி உள்ளவருக்கு ‘பிஸி’ என்றுதான் தெரியும். திருத்தும் அனுமதி உள்ளவருக்கு எல்லாமே தெரியும். அந்தக் குறிப்பில் நீங்கள் அழைப்பு அனுப்பியவருக்கும் தெரியும். அவுட்லுக்கிலும் இந்த வசதி உண்டு. ஆனால் இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், படிக்கும் அனுமதியையே கொடுக்காமல் இருங்கள் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது.

3. நேரத்தை மட்டும் பகிருங்கள். கணினியில் காலண்டர் செட்டிங்ஸில் யார் யாருக்கு என்ன அனுமதி என்று இருக்கும். அலுவலகத்தாருக்கு ‘ஃப்ரீ, பிஸி’ மட்டும் தெரியும்படி வைத்தால் போதும்.

4. ரகசிய முகவரி பத்திரம். வீட்டுக் காலண்டரை வேறு செயலியில் காட்ட கூகுள் ‘சீக்ரெட் அட்ரஸ்’ என்ற இணைப்பைத் தருகிறது. அது யார் கையில் கிடைத்தாலும் விவரம் முழுவதையும் பார்க்கலாம். யாருக்காவது அனுப்பியிருந்தால் செட்டிங்ஸில் ‘ரீசெட்’ செய்துவிடுங்கள்; பழைய இணைப்பு செயலிழக்கும்.

5. தலைப்பை அடக்கமாக எழுதுங்கள். நினைவூட்டல் வரும்போது பூட்டிய திரையிலும் தலைப்பு தெரியலாம். மேசைமேல் கிடக்கும் போனை யாரும் பார்ப்பார்கள். ‘மருத்துவமனை’ என்பதற்குப் பதில் ‘வெளி வேலை’ என்றாலே உங்களுக்குப் புரியும்.

அலுவலகத்தை ஏமாற்ற இதைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் நாம் இருக்க மாட்டோம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். அனுமதியும் விடுப்பும் முறைப்படி வாங்க வேண்டும். ஆகவே அலுவலகக் காலண்டரில் ‘சொந்த வேலை’ என்று நேரத்தை மட்டும் அடைத்துவையுங்கள். காரணம் உங்கள் சொந்தக் காலண்டரில் இருக்கட்டும். அலுவலகக் கணக்கு அலுவலகத்துக்குச் சொந்தமானது. அதில் எழுதியதை நிர்வாகம் பார்க்க வழி உண்டு என்றே எண்ணி எழுத வேண்டும்.

வீட்டுக்குள்ளும் இதே ஒழுங்கு வேண்டும். குடும்பம் முழுவதற்குமான காலண்டரில் கல்யாணம், கரண்ட் பில், பரீட்சைத் தேதி எழுதலாம். ஒருவருடைய உடல்நலம் பற்றிய குறிப்பை அவரைக் கேட்காமல் அதில் சேர்க்காதீர்கள்.

இந்த வெள்ளிக்கிழமை ஓய்வு நேரத்தில், கல்லூரி போகும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் காலண்டர் யார் யாருக்குத் தெரிகிறது என்று ஒருமுறை பாருங்கள். தேவையில்லாத பெயர்களை நீக்கிவிடுங்கள்.