மெலனோமா சிகிச்சையின்போது சத்து மாத்திரை எடுக்கலாமா? முழுமையான வழிகாட்டி

மெலனோமா நம் ஊரில் அரிதாக வரும் தோல் புற்றுநோய். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோ கரும்புள்ளியாகத் தொடங்கும். நோய் உறுதியானதுமே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். சென்னைப் புறநகரான தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் வாசிகளுக்கு யோசனைகளைச் செயல்படுத்துவதும் சுலபம். மார்க்கெட் பக்கம் நாட்டு மருந்துக் கடைகள் இருக்கின்றன; தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. அதே நோயாளி புற்றுநோய் சிகிச்சைக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் போவார். ஒரு மருத்துவர் கொடுத்ததை இன்னொருவரிடம் சொல்வதில்லை. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் கிளம்புகிறது.

படி 1: உங்கள் சிகிச்சையின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். அறுவை சிகிச்சை மட்டுமா? நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் என்று டிரிப்பில் ஏற்றும் இம்யூனோதெரபியா? பி-ராஃப் மரபணு மாற்றம் இருப்பவர்களுக்குத் தரும் டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் மாத்திரைகளா? இம்யூனோதெரபி நோய் எதிர்ப்பு செல்களின் பிரேக்கை எடுத்துவிடும். டப்ராஃபெனிப்பைக் கல்லீரல் நொதிகள் உடைக்கின்றன. அந்த நொதிகளைத் தூண்டும் அல்லது தடுக்கும் எதுவும் ரத்தத்தில் மருந்தின் அளவை மாற்றிவிடும். அதனால் பக்கத்து வீட்டு நோயாளிக்கு ஒத்துப்போனது உங்களுக்கும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

படி 2: வாயில் போடும் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்

கஷாயம், லேகியம், சூரணம், புரோட்டீன் பவுடர், முடி கொட்டாமல் இருக்கப் போடும் மாத்திரை, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மீன் எண்ணெய் கேப்சூல் என எதையும் விடாதீர்கள். பெயர், அளவு, எந்த வேளை, எப்போதிலிருந்து என்று குறியுங்கள். டப்பாவின் லேபிளை இருபுறமும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'இது வெறும் மூலிகைதானே' என்று விட்டுவிடுவதுதான் பின்னால் தலைவலியாகும்.

படி 3: மருத்துவர் சரி சொல்லும்வரை இவற்றைத் தள்ளி வையுங்கள்

சீந்தில், அமுக்கரா, 'இம்யூனிட்டி' பொடிகள்: சீந்தில் சாப்பிட்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். இம்யூனோதெரபியும் கல்லீரலைப் புண்ணாக்கக்கூடியது. கல்லீரல் பரிசோதனையில் எஸ்ஜிபிடி திடீரென ஏறினால் குற்றவாளி பொடியா மருந்தா என்று தெரியாமல், தேவைப்படும் சிகிச்சையே நிற்க நேரலாம்.

மஞ்சள் கேப்சூல்: குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். மிளகுச் சாறு சேர்த்து அடர்த்தியாகச் செய்த மாத்திரை வேறு சங்கதி. கல்லீரல் பாதிப்புகள் இதிலும் பதிவாகியிருக்கின்றன.

ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகள்: 2015இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மெலனோமா உள்ள எலிகளுக்கு என்-அசிட்டைல்சிஸ்டீன் கொடுத்தபோது நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் பரவுவது அதிகரித்தது. எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் 'நல்லதுதானே' என்று கூடுதல் டோஸ் எடுக்க இது இடம் தரவில்லை.

புரோபயாட்டிக்: 2021இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில், இம்யூனோதெரபி எடுத்த 128 மெலனோமா நோயாளிகளில் நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த காலம் நீண்டது. நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டு, புரோபயாட்டிக் மாத்திரை எடுக்காதவர்களிடமே அது தெளிவாகத் தெரிந்தது. வயிறு ஒத்துழைத்தால் கீரை, அவரைக்காய், சுண்டல், கேழ்வரகு போதும்.

பயோட்டின்: முடிக்கான மாத்திரைகளில் இது நிறைய இருக்கும். தைராய்டு பரிசோதனை முடிவைத் தப்பாகக் காட்டிவிடும். இம்யூனோதெரபி தைராய்டைத் தாக்கக்கூடும் என்பதால் அந்தப் பரிசோதனையை அடிக்கடி எடுப்பார்கள். ரிப்போர்ட் பொய் சொல்லக் கூடாது.

மீன் எண்ணெய், அதிக அளவு வைட்டமின் ஈ: ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். அறுவை சிகிச்சைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று சர்ஜனிடம் கேளுங்கள்.

படி 4: குறை இருந்தால் மட்டும் நிரப்புங்கள்

வைட்டமின் டி, பி12, இரும்புச்சத்து ஆகியவற்றை ரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்தால் எடுக்கலாம். 60,000 யூனிட் வைட்டமின் டி பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று. தினமும் போட்டுக்கொண்டு கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உண்டு.

புரதத்துக்கு முட்டை, மீன், பருப்பு, தயிர் முதலில். பவுடர்தான் வேண்டும் என்றால் டயட்டீஷியன் சொல்லும் ஒன்றை வாங்குங்கள். இந்தியச் சந்தையின் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து 2024இல் வெளியான ஆய்வில் பெரும்பாலானவற்றின் லேபிளும் உள்ளே இருந்த புரதமும் ஒத்துப்போகவில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா பாருங்கள். தயாரிப்பாளர் உரிமம் பெற்றவர் என்பதற்குத்தான் அந்த எண். உங்கள் நோய்க்கு ஏற்றது என்று அது சொல்லாது.

படி 5: ஓபியில் மூன்றே கேள்விகள்

தாளை நீட்டிவிட்டுக் கேளுங்கள்: இதில் எதை நிறுத்த வேண்டும்? எதைத் தொடரலாம்? மருந்துக்கும் இதற்கும் எத்தனை மணி நேர இடைவெளி? டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் இரண்டையும் சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்போ 2 மணி நேரம் கழித்தோ வெறும் வயிற்றில் போட வேண்டும். காலைக் கஞ்சியோடு சேர்த்துவிடாதீர்கள்.

படி 6: காய்ச்சல், பேதிக்குக் கைவைத்தியம் வேண்டாம்

டப்ராஃபெனிப் எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் நிலவேம்புக் குடிநீர் குடித்துக் காத்திருக்காதீர்கள். அந்தக் காய்ச்சல் மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். உடனே மருத்துவமனையை அழைத்தால் மருந்தைச் சில நாள் நிறுத்திவைக்கச் சொல்லக்கூடும். இம்யூனோதெரபியில் ஒரு நாளைக்கு வழக்கத்தைவிட நாலைந்து தடவை கூடுதலாக வயிறு போனால் அது குடல் அழற்சியாக இருக்கலாம். மாதுளைத்தோல் கஷாயத்தில் நேரம் போக்கினால் ஸ்டீராய்டு தொடங்க வேண்டிய வேளை தவறிப்போகும்.

படி 7: சித்த மருத்துவரிடமும் அதே தாள்

சித்த மருத்துவம் பார்க்க விரும்பினால் வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பை நம்பாமல், சானடோரியம் அயோத்திதாச பண்டிதர் மருத்துவமனை போன்ற இடத்தில் படித்த மருத்துவரைப் பாருங்கள். புற்றுநோய் மருந்துகளின் பெயர்களைச் சொல்லுங்கள். அவர் எழுதுவதைத் தாளில் சேர்த்து, தொடங்கும் முன்பே புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். இருவரும் சம்மதித்தால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப் பொருளைத் தொடங்குங்கள். அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை இன்னொன்றைச் சேர்க்காதீர்கள். ஏதாவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால், எதை நிறுத்துவது என்று அப்போதுதான் தெரியும்.