மருந்து கொடுப்போர் கவனத்திற்கு

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை மருத்துவ உதவி அறையில் டாக்டருக்குத் துணையாக இளைஞர்கள் சிலர் தொண்டு செய்து வருவதை அன்பர்கள் அறிவீர்கள். அவர்களுக்காக நடந்த வகுப்பின் குறிப்புகளைக் கட்டுரையாக எழுதித் தருமாறு செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் மருத்துவன் அல்லன்; டிப்ளமோ படித்து ரயில்வே சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எழுதியதை டாக்டரிடம் காட்டித் திருத்தி வாங்கியிருக்கிறேன். வீட்டில் வயதான பெற்றோரை வைத்திருப்பவர்களுக்கும் இது பயன்படும்.

முதலில், விழுங்கிய மாத்திரை என்ன ஆகிறது என்று பார்ப்போம். வயிற்றில் கரைந்து, குடல் வழியாக உறிஞ்சப்பட்டு, நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு பகுதி சிதைக்கப்பட்டு, மீதிதான் இரத்தத்தில் கலக்கிறது. ஊசியில் போகும் மருந்துக்கு இந்தச் சுங்கச்சாவடி கிடையாது. அதனால்தான் ஒரே மருந்துக்கு வாய்வழி அளவு வேறு, ஊசி அளவு வேறாக இருக்கலாம். மார்வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டும் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகாமல் சில நிமிடங்களில் வேலை செய்கிறது. அதை விழுங்கச் சொல்லக்கூடாது. இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும் என்பதால் நோயாளியை உட்கார வைத்தே கொடுக்கவேண்டும்.

உள்ளே போன மருந்து வெளியேறவும் வேண்டுமல்லவா? பெரும்பாலும் கல்லீரலும் சிறுநீரகமும் அந்த வேலையைச் செய்கின்றன. இரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலம் மருந்துக்கு மருந்து வேறுபடும். பாராசிட்டமாலுக்கு 2 முதல் 3 மணி. தைராய்டுக்குக் கொடுக்கும் தைராக்ஸினுக்கு ஏறக்குறைய ஒரு வாரம். வயது ஏற ஏறச் சிறுநீரகம் தளர்வதால் முதியவர் உடம்பில் பல மருந்துகள் அதிக நேரம் தங்கும். ஆகவே, விட்டுப்போன வேளைக்கும் சேர்த்து இரண்டாகக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடவேண்டும். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். என்று இருக்கும் மாத்திரைகள் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை. விழுங்கச் சிரமம் என்று அவற்றைப் பொடித்துக் கொடுத்தால் பல மணி நேரத்து மருந்து ஒரேயடியாக உள்ளே போய்விடும்.

இனிக் கொடுக்கும் முறை. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்து சொல்வார்கள். ஆள் என்பது எளிதாகத் தோன்றும். ஆனால் நம் வரிசையில் எந்த ஞாயிறும் இரண்டு சுப்பிரமணியமாவது இருப்பார்கள்! "நீங்கள்தானே சுப்பிரமணியம்?" என்று கேட்டால் காது மந்தமான பெரியவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, அவர் வாயாலேயே வரவழைத்து, வயதையும் சீட்டோடு ஒப்பிடவேண்டும்.

மருந்தின் பெயரில் இன்னும் கவனம் தேவை. டயோனில் என்பது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை; டயோவால் என்பது வயிற்றெரிச்சலுக்கு. ஓசையில் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். லேபிளை மூன்று முறை படிக்கவேண்டும்: அலமாரியிலிருந்து எடுக்கும்போது, மாத்திரையைப் பிரிக்கும்போது, திரும்ப வைக்கும்போது. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சீட்டைப் பார்த்துத் திருப்பிச் சொல்லட்டும். ரயில் எஞ்சினில் டிரைவரும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலையும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வது இதற்காகத்தான். கண் பார்த்ததை வாய் சொல்லும்போது மூளை விழித்துக்கொள்கிறது. கடையில் நாலு மாத்திரை வெட்டி வாங்கினால் பெயரும் காலாவதித் தேதியும் மறுதுண்டில் போய்விடக்கூடும். உடனே ஒரு உறையில் போட்டு இரண்டையும் எழுதிவிடவேண்டும்.

பாராசிட்டமால் ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் ஒளிந்திருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று கொடுத்தால் ஒரே மருந்தை இருமுறை கொடுத்ததாகலாம். பெரியவர்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் போனால் கல்லீரலுக்கு ஆபத்து. கல்லீரல் நோயாளிகளுக்கும் மெலிந்த முதியவர்களுக்கும் டாக்டர் இன்னும் குறைத்தே சொல்வார்.

குழந்தைக்கு இதையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு டாக்டர் 150 மி.கி. எழுதுகிறார். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பானால் 6 மி.லி. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளதானால் 3 மி.லி. சொட்டு மருந்தானால் 1 மி.லி.யிலேயே 100 மி.கி.; ஆகவே 1.5 மி.லி. போதும். சிரப் தீர்ந்துவிட்டதென்று சொட்டு மருந்தில் 6 மி.லி. கொடுத்தால் 600 மி.கி., அதாவது நான்கு மடங்கு! மி.லி. அளவை மட்டும் நினைவில் வைப்பவர் இங்கேதான் இடறுவார். வீட்டு ஸ்பூனை நம்பாமல், பாட்டிலோடு வரும் அளவு மூடியையோ சொட்டுக்குழாயையோ பயன்படுத்தவேண்டும்.

இன்சுலின் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நம் நாட்டில் இன்சுலின் குப்பி 1 மி.லி.க்கு 40 யூனிட் என்றும் 100 யூனிட் என்றும் இருவகையாக வருகிறது. 40க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவருக்கு 20 யூனிட் எழுதியிருந்தார்கள். குப்பி 40. கடையில் கொடுத்தது ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. அதில் 20 கோடு வரை இழுத்தால் 0.2 மி.லி.; அதில் இருப்பதோ 8 யூனிட்தான். சர்க்கரை இறங்கவில்லை. டாக்டர் 30 ஆக்கினார். உடம்பில் போனது 12. அடுத்த மாதம் வேறு கடையில் சிவப்பு மூடி சிரிஞ்சு, அதாவது சரியானது, கிடைத்தது. முதன்முறையாக முழு 30 யூனிட்டும் உள்ளே போயிற்று. காலை பதினொரு மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறிவிட்டது. நினைவு இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினார்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான். பிறகு அவர்கள் வீட்டு மேசையில் பழைய சிரிஞ்சையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. தவறு நடந்த நாட்களில் ஒன்றும் தெரியவில்லை. திருத்தப்பட்ட அன்று விபத்து. சிரிஞ்சு மாறினால் டாக்டரிடம் சொல்லாமல் ஊசி போடக்கூடாது.

நேரத்தைப் பற்றி. சீட்டில் 1-0-1 என்றால் காலையும் இரவும். ஓ.டி. ஒரு வேளை, பி.டி. இரு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். தைராக்ஸினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடுத்து, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பி. (நம்மவர்களுக்கு இதுவே பெரிய தவம்!) இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு அதிலிருந்து 4 மணி இடைவெளி வேண்டும். மூட்டுவாதத்திற்கு எழுதும் மெதோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டுமே. தினமும் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிருக்கே ஆபத்தாகும். எந்தக் கிழமை என்று அட்டைப்பெட்டியின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள்.

இங்கே ஜபல்பூரில் நமக்கு இன்னொரு சிக்கல். வீட்டிற்கு வரும் ஆயாவுக்குத் தமிழ் தெரியாது. ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. ஹிந்தியில் நேற்றும் 'கல்', நாளையும் 'கல்'. வினைச்சொல்லை வைத்துத்தான் பிரித்தறியவேண்டும். அம்மாவின் காதில் 'கல்' மட்டும் விழுந்தால், மாத்திரை கொடுத்தாயிற்றா, இனிமேல்தானா? ஆகவே வாய்ப்பேச்சை நம்பாமல் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, மணி, மருந்து, அளவு, கொடுத்தவர் கையெழுத்து. மருந்து விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே எழுதவேண்டும். எண்கள் எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

இவ்வளவுக்கும் பிறகு மருந்து மாறிவிட்டால் மறைக்கக்கூடாது. தாமாக வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு டாக்டரை அழையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டால் அந்த ஸ்ட்ரிப்பையோ பாட்டிலையோ நோட்டோடு சேர்த்துக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.