தலைவலி தரும் கடிதங்கள்

கேள்வி: ஒரு நாட்டு எம்.பி.க்கு அநியாயம் நடந்தால் மற்ற நாட்டு எம்.பி.க்கள் கேட்க முடியுமா? (வாசகர், மாரண்டஹள்ளி)

பதில்: கேட்கிறார்கள். 1889-இல் தொடங்கிய உலக நாடாளுமன்றங்களின் ஒன்றியம், ஐ.பி.யூ., ஜெனீவாவில் இருக்கிறது. எம்.பி.க்களின் மனித உரிமைக்கென்றே 1976-இல் ஒரு குழு போட்டது. போலீசும் இல்லை, கோர்ட்டும் இல்லை. கடிதம், தீர்மானம், நேரில் போய் விசாரிப்பது, அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு இலங்கை: மட்டக்களப்பைச் சேர்ந்த எம்.பி. ஜோசப் பரராஜசிங்கம் 2005 கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியில், தேவாலயத்துக்குள்ளேயே சுடப்பட்டார். பக்கத்தில் இருந்த மனைவிக்கும் குண்டுக்காயம். அடுத்த நவம்பரில், கொழும்பில் காரில் வைத்து இன்னொரு எம்.பி. நடராஜா ரவிராஜ். யாழ்ப்பாணத்தின் முன்னாள் மேயர்; சிங்களத்திலேயே வாதாடக்கூடியவர். (அதுதான் சிலருக்கு உறுத்தியிருக்கும் என்பது என் ஊகம்.)

இரண்டு கொலைகளையும் அந்தக் குழு எடுத்துக்கொண்டு, 'விசாரணை என்ன ஆச்சு?' என்று ஆண்டுக்கணக்கில் கொழும்பைக் கேட்டது. உள்ளூரில் தூசி படியும் கோப்புக்கு வெளியூர்க் கடிதம் ஒரு தலைவலி. அந்தத் தலைவலிக்கு மதிப்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

தண்டனை? ரவிராஜ் வழக்கில் 2016 டிசம்பரில் ஜூரி எல்லோரையும் விடுவித்தது. பரராஜசிங்கம் வழக்கிலும் 2021 ஜனவரியில் விடுதலைதான்.