பீர் ததும்பினால் போதுமா?

கேள்வி: ஜிடிஏ 6 டிரெய்லரை எத்தனை முறை பார்த்தாலும் சலிக்கவில்லை சார். பாட்டிலுக்குள் பீர் ததும்புகிறது, தலைமுடி இழை இழையாகப் பறக்கிறது. விளையாடும்போதும் இப்படியே இருக்குமா? பிசிக்ஸில் புதிதாக என்ன எதிர்பார்க்கலாம்?
- கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: இருக்கும் என்று நம்ப இடமிருக்கிறது. 2025 மே மாதம் வந்த இரண்டாவது டிரெய்லர் முழுவதும் பிஎஸ்5-இல் பதிவானது, அதில் பாதி கட்சீன், பாதி விளையாட்டு என்று ஜிடிஏவை உருவாக்கும் ராக்ஸ்டாரே சொல்லியிருக்கிறது. ஆனால் பீரும் தலைமுடியும் கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான். நான் காத்திருப்பது வேறொன்றுக்காக. இடித்தால், தள்ளினால், தூக்கி எறிந்தால் அந்த ஊர் எப்படி நடந்துகொள்ளும்?

2004-இல் வந்த ஹாஃப்-லைஃப் 2 விளையாடியிருக்கிறீர்களா? அதில் சீசா பலகையின் ஒரு முனையில் கற்களை அடுக்கினால் மறுமுனை உயரும். அதன்மேல் ஏறித்தான் அடுத்த இடத்துக்குப் போகவேண்டும். அதே கேமின் ரேவன்ஹோம் என்ற ஊரில் துப்பாக்கிக் குண்டு தீர்ந்துவிட்டால் கிராவிட்டி கன்னால் ரம்பத் தகட்டை இழுத்து ஸோம்பி மீது ஏவலாம். எடையும் வேகமும் அங்கே வேடிக்கைப் பொருள்கள் அல்ல, நம் ஆயுதங்கள்.

ஜிடிஏ வரிசையில் அந்தப் பாய்ச்சல் 2008-இல், நான்காம் பாகத்தில் நடந்தது. நேச்சுரல்மோஷன் நிறுவனத்தின் யூஃபோரியா என்ற மென்பொருள், அடிபட்டவனின் உடல் சமநிலையை அந்தந்தக் கணத்திலேயே கணக்கிட்டது. முன்கூட்டியே செய்துவைத்த அசைவு ஓடாது. ஆள் தடுமாறுவான், காலை மாற்றி வைப்பான், விழும்போது கையை ஊன்றப் பார்ப்பான். ஒரே மாடிப்படியில் இரண்டு பேர் ஒரே மாதிரி உருண்டதில்லை. கார்களுக்கும் எடை இருந்தது; வளைவில் சாய்ந்தன, மோதினால் நசுங்கின. 2013-இல் ஐந்தாம் பாகம் வந்தபோது ஊர் பெரிதானது, நாயகர்கள் மூவரானார்கள், ஆனால் கார் நசுங்குவது குறைந்தது, ஆட்கள் சட்டென்று விழுந்தார்கள். ரசிகர்களுக்கு அந்த மனக்குறை இன்னும் தீரவில்லை, எனக்கும்தான். அடுத்த பாகம் என்றாலே எல்லாம் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள்.

காரணம் நேரப் பற்றாக்குறை. நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 33 மில்லிநொடி. போக்குவரத்து, நடைபாதைக் கூட்டம், போலீஸின் மூளை, மோதல் கணக்கு எல்லாமே அதற்குள் முடிந்தாக வேண்டும்.

அதனால் எதற்குச் செலவிடுகிறார்கள் என்பதுதான் முக்கியம். 2017-இல் வந்த ஸ்விட்ச் கன்சோலின் சக்தி சொற்பம். அதில்தான் 2023-இல் நின்டெண்டோ டியர்ஸ் ஆஃப் த கிங்டம் என்ற கேமை ஓட்டிக் காட்டியது. பலகை, சக்கரம், விசிறி, எதையும் எதோடும் ஒட்டி வண்டியாக்கலாம். எடை சரியில்லை என்றால் கவிழும். முந்தைய பாகத்தின் நிலப்பரப்பே இதனால் புது ஊராகிவிட்டது.

ஜிடிஏ 6-க்கு 2026 நவம்பர் 19 என்று தேதி அறிவித்திருக்கிறார்கள். விளையாட்டுக் காட்சி எது வந்தாலும் மூன்றைக் கவனியுங்கள். மோதிய கார் மோதிய இடத்தில்தான் நசுங்குகிறதா? சாலையில் விழுந்த பம்பரை மற்ற ஓட்டுநர்கள் விலகிப் போகிறார்களா? படகு கிளப்பும் அலை பக்கத்துப் படகை ஆட்டுகிறதா? இவற்றுக்கு ஆம் என்று பதில் கிடைத்தால், தாராளமாகக் காசைச் சேர்க்கத் தொடங்குங்கள்.