பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

நாடாத் தறிக்கும் தையல் மேசைக்கும் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்குச் சொந்த ஊர் பெண்ணாடம். கரும்பு வெட்டும் குடும்பத்தில் பிறந்து, பிழைப்பு தேடி மும்பைக்கு ரயிலேறி, நாடா நெய்யும் ஆலையில் எடுபிடியாகச் சேர்ந்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றுத் திரும்பியவன். கடைசிப் பதினைந்து ஆண்டுகள் என் கையில் இருந்த சரக்கு தீ தாங்கும் வெல்க்ரோ. தீயணைப்பு வீரர் அங்கியிலும், கொதிகலன் பக்கம் நிற்பவர் உடுப்பிலும் தைக்கிற இரண்டு விரல் அகலப் பட்டை.

நம் ஊருக்கு வடகிழக்கே நெய்வேலி அனல் மின் நிலையங்கள், தெற்கே வெள்ளாற்றைத் தாண்டினால் அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலைகள். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு அனலுக்குப் பக்கத்தில்தான் சம்பளம். அவர்கள் உடுப்பை மூடுகிற பட்டையைச் செய்யப் போகிறீர்கள் என்ற நினைப்போடு படியுங்கள்.

1. முதலில் செடியைப் பார்.

வெள்ளாற்றங்கரையில் கொஞ்ச தூரம் நடந்தால் வேட்டியெல்லாம் நாயுருவி ஒட்டிக்கொள்ளும். மருளூமத்தைக் காய் கிடைத்தால் ஒன்றைப் பிய்த்து லென்ஸின் கீழே வை. முள் நேராக இருக்காது. நுனியில் கொக்கிபோல் வளைந்திருக்கும். 1941இல் ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது, உடுப்பிலும் நாயின் மயிரிலும் ஒட்டியிருந்த இதே மாதிரிக் காயைத்தான் நுண்ணோக்கியில் பார்த்தார். பார்த்தது ஒரு நாள். தறியில் அதைக் கொண்டுவரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. 1955இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ‘வெலூர்’, ‘க்ரோஷே’ என்ற இரண்டு பிரெஞ்சுச் சொற்களின் முன்பாதியைச் சேர்த்து வெல்க்ரோ என்று பேர் வைத்தார். வெல்வெட், கொக்கி என்பது பொருள். ஒரு நிறுவனத்தின் பெயர், ஊர் வாயில் பொருளின் பெயராகவே நின்றுவிட்டது.

2. மூன்று கேள்வியை மனதில் வை.

பட்டை பிடிக்கிறதா? தீயில் எரியாமல் நிற்கிறதா? தீ பட்ட பிறகும் திறக்கிறதா? முதல் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள், இரண்டாவதை வாங்குகிறவர் கேட்பார். மூன்றாவதை மறந்துவிடுவார்கள். சாதாரண வெல்க்ரோ நைலானால் ஆனது. நைலான் 6 சுமார் 220 டிகிரி செல்சியஸிலும், நைலான் 66 சுமார் 260 டிகிரியிலும் உருகும். உருகினால் கொக்கியும் வளையமும் ஒன்றோடொன்று கலந்து கட்டியாகிவிடும். அப்புறம் அது திறக்காது. அடிபட்ட ஆளை உடுப்பிலிருந்து எடுக்கக் கத்தரிக்கோல் தேட வேண்டும். ஒவ்வொரு நொடியும் உள்ளே சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த மூன்றாவது கேள்விதான் நம் தொழிலின் உயிர்.

3. நெருப்பு கேட்கிற ஆக்சிஜன் எவ்வளவு என்று தெரிந்துகொள்.

நாம் மூச்சு விடும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். ஒரு நார் தொடர்ந்து எரியக் குறைந்தது எத்தனை சதவீத ஆக்சிஜன் வேண்டும் என்பதற்கு ஒரு எண் உண்டு. பருத்திக்கு சுமார் 18, நைலானுக்கும் பாலியஸ்டருக்கும் 20, 21 அளவில். மெட்டா அராமிட் என்ற நாருக்கு 28க்கு மேல். அதனால்தான் சாதாரணக் காற்றில் தீக்குச்சியை எடுத்ததும் அராமிட் அணைந்துவிடுகிறது.

ஆனால் காற்று மாறினால் கணக்கும் மாறும். 1967 ஜனவரி 27 அன்று அமெரிக்காவில் அப்போலோ 1 கலத்தைத் தரையிலேயே சோதித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே முழுக்க ஆக்சிஜன், வெளிக்காற்றைவிடக் கூடிய அழுத்தத்தில். எங்கோ ஒரு பொறி கிளம்பியது. கஸ் கிரிஸம், எட் வைட், ரோஜர் சாஃபி மூவரும் உள்ளேயே உயிர்விட்டார்கள். பொருட்களை ஒட்டி வைக்க அந்தச் சிறிய அறைக்குள் சுமார் 34 சதுர அடி வெல்க்ரோ ஒட்டப்பட்டிருந்தது. தீக்கு அதுவும் இரையானது. பிற்பாடு விண்கலங்களுக்கென்று கண்ணாடி நார் அடித்துணி, டெஃப்லான் வளையம், பாலியஸ்டர் கொக்கி வைத்த பட்டை வந்தது. உன் பட்டை எந்தக் காற்றில், எந்தச் சூட்டில் நிற்கப் போகிறது என்று கேட்காமல் நூல் வாங்காதே.

4. பில்லை நம்பாதே, இழையைச் சுட்டுப் பார்.

அகல் விளக்கு ஒன்றும் இடுக்கி ஒன்றும் உன் மேசையில் எப்போதும் இருக்கட்டும். விரற்கடை நீள இழையை இடுக்கியில் பிடித்துச் சுடரருகே மெல்லக் கொண்டு போ. நைலான் சுடரைத் தொடும் முன்பே சுருங்கிப் பின்வாங்கும். உருகிச் சொட்டி, ஆறினால் கெட்டியான மணியாகும். பாலியஸ்டரும் உருகும், கரும்புகை கக்கும். மெட்டா அராமிட் உருகாது. சுடரில் சிவந்து கருகும். வெளியே எடுத்த கணம் அணையும். நுனியை நசுக்கினால் கரியாய் உதிரும். விரலில் மணி உருண்டால் அது நீ கேட்ட நூல் அல்ல. கண்டைத் திருப்பி அனுப்பு. சுடும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் தண்ணீர் வாளி இருக்கட்டும்.

5. கொக்கி தறியில் பிறப்பதில்லை, பிளேடில் பிறக்கிறது.

தறியில் பாவு, ஊடை இரண்டோடும் ஒற்றை இழை ஒன்று கூடுதல் பாவாக வரும். அது மெல்லிய கம்பிகளின் மேல் ஏறி இறங்கி வரிசை வரிசையாக வளையம் போடும். இழை உருகும் சூட்டுக்குச் சற்றுக் கீழே அதைச் சூடேற்றினால், ஆறிய பிறகும் வளைவு மாறாது. பிறகுதான் பிளேடு. ஒவ்வொரு வளையத்திலும் ஒரு காலை மட்டும், உச்சிக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். உச்சியிலேயே வெட்டினால் இரண்டு மொட்டைக் குச்சிதான் நிற்கும், பிடிக்காது. அடியோடு இறக்கி வெட்டினால் கொக்கி வாய் அகன்று நழுவும். ஒரு மயிரிழை வித்தியாசத்தில் ஒரு நாள் உற்பத்தி வீணாகும். ஒவ்வொரு மணி நேரமும் தறியை விட்டு எழுந்து லென்ஸில் பார். பிளேடு மழுங்கினால் சத்தம் முதலில் மாறும், காது பழகட்டும்.

கொக்கி போய்ச் சிக்குகிற மெத்துப் பக்கம் வேறு வேலை. அங்கே பல இழை சேர்ந்த நூல் வளையமாக வரும். கம்பி உருளையில் கொடுத்து அதைக் கலைத்துவிட வேண்டும். தலைமயிர் கலைந்தால்தான் சீப்பு சிக்கும். இங்கேயும் அப்படித்தான். கலைந்த வளையம்தான் கொக்கிக்கு இடம் கொடுக்கும்.

6. ‘நோமெக்ஸ் வெல்க்ரோ’ என்றால், எந்தப் பாகம் என்று கேள்.

நோமெக்ஸ் என்பது ட்யூபான்ட் நிறுவனம் 1967இல் சந்தைக்குக் கொண்டுவந்த மெட்டா அராமிட் நார். அப்போலோ 1 எரிந்த அதே ஆண்டு. அடித்துணிக்கும் மெத்து வளையத்துக்கும் அது பொருந்தும். கொக்கிக்கோ கெட்டியான, வில்போல் துள்ளித் திரும்பும் ஒற்றை இழை வேண்டும். அராமிட்டில் அது எளிதில் அமைவதில்லை. அதனால் கொக்கியை மட்டும் வேறு பொருளில் வைப்பவர்கள் உண்டு: சிலர் நைலான், சிலர் 280 டிகிரிக்கு மேல் உருகும் பிபிஎஸ், சிலர் 343 டிகிரியில் உருகும் பீக். ஜெர்மனியில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் எஃகிலேயே கொக்கி செய்து, 800 டிகிரி வரை தாங்கும் என்று 2009இல் காட்டினார்கள். விலை ஒவ்வொன்றுக்கும் ஏறும். ஏமாற்றாமல் விற்கலாம், ஒரே நிபந்தனை: அடி எது, வளையம் எது, கொக்கி எது என்று மூன்றையும் தனித்தனியாகச் சீட்டில் எழுது.

7. தொட்டியைக் கலக்கிக்கொண்டே இரு.

இது நான் கண்ணீர் விட்டுக் கற்றது. நைலான் பட்டையையே தீ தாங்கச் செய்ய ஒரு வழி உண்டு. வேர் பிடிக்கப் பின்புறம் தடவுகிற பசையில் பாஸ்பரஸ் சேர்ந்த மருந்துப் பொடியைக் கலப்பார்கள். ஒரு இரவு ஷிஃப்டில் கலக்கும் மோட்டார் நின்றுபோனது. சரக்கு அவசரம், நான் தறியை நிறுத்தவில்லை. பொடி அடியில் தங்கிவிட்டது. ரோலின் ஆரம்பத்தில் வெட்டிய துண்டு சோதனையில் தேறியது, சரக்கும் போய்விட்டது. வாங்கியவர் தற்செயலாக ரோலின் நடுவில் ஒரு துண்டை வெட்டிக் கொளுத்தினார். உடனே அணைந்திருக்க வேண்டியது, திரிபோல் முழுக்க எரிந்தது. உடுப்பில் தைக்கும் முன்பே தெரிந்தது கடவுள் செயல். அந்த ஆலையின் பெயர் இங்கே வேண்டாம், தவறு என்னுடையது. அன்றிலிருந்து ஒவ்வொரு ரோலிலும் தலை, நடு, வால் என்று மூன்று துண்டு வெட்டாமல் நான் சீட்டு எழுதியதில்லை.

இன்னொன்று. மருந்து கலந்த பட்டை துவைக்கத் துவைக்க வலு குறையலாம். நாரிலேயே குணம் உள்ள பட்டைக்கு அந்தக் கவலை இல்லை. துவைத்த துண்டையும் சோதித்துப் பார்.

8. உன் மூச்சையும் காப்பாற்று.

பொடி கலக்கும்போதும் வளையம் கலைக்கும்போதும் பறக்கும் தூசி கண்ணுக்குத் தெரியாது. முகக்கவசம் இல்லாமல் நிற்காதே. ஒரு காலத்தில் தாராளமாகப் புழங்கிய டெகாபிடிஇ என்ற புரோமின் மருந்து உடம்பிலும் மண்ணிலும் தங்கிவிடுவதால் 2017இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலில் ஏறியது. பேரல் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துத் தெரிந்துகொண்ட பிறகு மூடியைத் திற. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

9. நூல் தோற்றால் பட்டை தோற்கும்.

தையல் மேசையில் இருக்கும் தங்கைகளுக்கு இது. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து அராமிட் பட்டை வாங்கி, கையில் கிடைத்த பாலியஸ்டர் நூலில் தைத்த உடுப்புகளைப் பார்த்திருக்கிறேன். தீயில் பட்டை அப்படியே இருக்கும், தையல் உருகி, பட்டை தனியே கழன்று விழும். பாபின் நூலும் அராமிட்தானா என்று பார். மேல் நூலை மாற்றிவிட்டுக் கீழ் நூலை மறப்பதுதான் வழக்கமான பிழை. தையலை ஓரத்துக் கரையில் ஓட்டு, கொக்கி வரிசையின் மேல் ஓட்டாதே. மூலையைக் கூராக விடாமல் வளைத்து வெட்டு. கூர் மூலை முதலில் கிளம்பும், அணிபவர் கழுத்தையும் கீறும்.

10. சொரசொரப்பு உடம்பைப் பார்க்கக் கூடாது.

கொக்கிப் பக்கத்தை வெளியே பார்த்தபடி தை, மெத்துப் பக்கம் மூடுகிற மடிப்பில் வரட்டும். கரும்புத் தோட்டத்தில் சுணை பட்ட கை நமக்குத் தெரியும். எட்டு மணி நேரம் கொக்கி உரசினால் அந்த ஆள் பட்டையைத் திறந்துபோட்டுவிட்டுத்தான் வேலை செய்வான். திறந்த உடுப்பு உடுப்பே இல்லை. சிமென்ட் ஆலையில் மூலப்பொடியைச் சூடேற்றும் சைக்ளோனில் அடைப்பெடுக்கும்போது சரிந்து கொட்டும் மாவு சுமார் 800 டிகிரி இருக்கும். ஒரு விரல் இடைவெளி போதும் உள்ளே புக. அதனால் பட்டை மேல் இன்னொரு துணி மடிப்பு கட்டாயம் வரவேண்டும்.

11. முத்திரையைச் சம்பாதி.

நம் ஊர் பிரளயகாலேஸ்வரர் கோயிலில் அப்பர் பெருமான் தம் தோளில் சூலமும் இடபமும் பொறிக்கப் பெற்றார் என்று சிறுவயதில் கேட்டு வளர்ந்தவன் நான். முத்திரை என்றால் உடம்போடு சுமப்பது என்று அப்போதே மனதில் பதிந்தது. நம் சரக்குக்கு முத்திரை தரச் சான்றுதான். அனலுக்கு எதிரே வேலை செய்யும் தொழிலாளர் உடுப்புக்கு ஐஎஸ் 15748, தீயணைப்பு வீரர் உடுப்புக்கு ஐஎஸ் 16890 என்று நம் நாட்டுத் தர எண்கள் உண்டு. படித்து வை. காசியாபாத்தில் உள்ள நிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் பாதுகாப்புத் துணிகளுக்கான சிறப்பு மையம். அதேபோல் கோவையில் 1956 முதல் சிட்ரா இருக்கிறது. மாதிரி அனுப்பிக் கேட்கத் தயங்காதே.

விமான உட்புறத் துணிக்கு அமெரிக்கா வைத்த விதியில், செங்குத்தாகத் தொங்கவிட்டு 12 நொடி சுடர் காட்டுவார்கள். சுடரை எடுத்த பின் 15 நொடிக்குள் அணைய வேண்டும், எரிந்த நீளம் 8 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஐரோப்பியத் தீயணைப்பு உடுப்பு விதியில் 180 டிகிரி அடுப்பில் 5 நிமிடம் வைப்பார்கள். அதற்குப் பிறகும் மூடும் பாகம் வேலை செய்ய வேண்டும். பார்த்தாயா, மூன்றாவது கேள்வியை அவர்களும் கேட்கிறார்கள்.

12. அணிபவருக்குச் சொல்லி அனுப்பு.

துவைக்கும் முன் பட்டையை மூடச் சொல். இல்லாவிட்டால் ஊரிலுள்ள நூலெல்லாம் கொக்கியில் சேரும். பஞ்சு அடைந்த பட்டை பிடிக்காது, அந்தப் பஞ்சே எரியவும் செய்யும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வாரிவிட்டால் போதும். அராமிட்டுக்குக் குளோரின் ப்ளீச் ஆகாது. துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். அது துணியில் தங்கி எரியும். இதையெல்லாம் தமிழில் ஒரு சீட்டில் அச்சடித்து உடுப்போடு வை.

13. ‘தீயே பிடிக்காது’ என்று வாயால் சொல்லாதே.

2020ஆம் ஆண்டு மே 7, ஜூலை 1 ஆகிய இரண்டு நாட்களிலும் நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் நடந்த கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்தச் செய்திகள் வந்த நாட்களில் நம் பக்கத்துத் தெருக்களில் போன் சத்தம் ஓயவில்லை. எந்த உடுப்பும் எல்லா நெருப்பையும் நிறுத்தாது. நம் பட்டை சில நொடிகளை வாங்கித் தரும். விலகி ஓட, கழற்றி எறிய, பக்கத்தில் இருப்பவர் கைகொடுக்க. வாங்குபவரிடம் அதை மட்டும் சொல். கூடச் சொன்னால், உன் சொல்லை நம்பி ஒருவன் நெருப்புக்கு ஓரடி கூடுதலாகப் போவான்.

14. கடைசிச் சோதனையை உன் கையால் செய்.

ஆய்வுக்கூடத்துத் தாள் வந்த பிறகும் நான் ஒன்று செய்வேன். கொக்கியையும் மெத்தையும் மூடிய ஒரு சாண் துண்டை இடுக்கியில் தொங்கவிட்டுச் சுடர் காட்டுவேன். அணையும், கருத்து, ஓரம் சுருண்டு, கரி வாடை அடிக்கும். ஆறும்வரை காத்திருந்து, கையுறை போட்டுக்கொண்டு, கருகிய நுனியை விரலால் தூக்கி மெல்ல இழுப்பேன். உருகி ஒட்டிய பட்டை சத்தமே போடாது. இழுக்க இழுக்க அசையாது. நல்ல பட்டை ‘சர்ர்’ என்று உலர்ந்த சருகுபோல் பிரியும். உன் காதால் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, அப்புறம் சீட்டில் கையெழுத்துப் போடு.